வீட்டுப் பிணையச் சேமிப்பகம்

வீட்டுப் பிணையச் சேமிப்பகம் என்பது வீட்டின் உள் வலையமைப்புடன் இணைக்கப்பட்டு, அவ்வீட்டிலுள்ள கணினிகள், செல்லிடத் தொலைபேசிகள், தொலைக்காட்சிகள் ஆகிய அனைத்தும் பொதுவாகப் பயன்படுத்தும் வகையில் கோப்புக்களைச் சேமித்து வைக்கும் சிறு கணினி ஆகும். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைக் கொண்டு இது நாஸ் என அழைக்கப்படுகின்றது. ஒளிப்படங்கள், திருமண நிகழ்படங்கள், பாட்டுக்கள், வருடப்பட்ட ஆவணங்கள் முதலியன வெவ்வேறு கருவிகளில் சிதறிக் கிடப்பதைத் தவிர்த்து, அவற்றை ஓரிடத்தில் தொகுத்து வைப்பதே இதன் முதன்மைப் பயனாகும்.

குறைந்த செலவில் இத்தகைய கருவி ஒன்றைத் தெரிவு செய்யும்போது கருத்தில் கொள்ள வேண்டியவற்றை இக்கட்டுரை விளக்குகின்றது. எடுத்துக்காட்டாகத் திருவள்ளூர் மாவட்டத்தில் ஆந்திர எல்லைக்கு அருகில் அமைந்துள்ள கோயில் நகரான திருத்தணியின் சூழல் எடுத்துக்கொள்ளப்படுகின்றது. கடும் கோடை வெப்பம், மின்தடை, இடிமழை ஆகியவை இக்கருவிகளின் ஆயுளைப் பாதிப்பன. இவை யாவும் அங்கு உள்ளன. தமிழ்நாட்டின் உள்மாவட்டச் சிறு நகரங்கள் பலவற்றுக்கும் இவ்விளக்கம் பொருந்தும்.

அமைப்பும் இயங்கும் முறையும்

பிணையச் சேமிப்பகம் ஒன்றில் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் ஒரு செயலி, சிறிதளவு நினைவகம், ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட வன்தட்டுக்கள், ஈதர்நெட் இணைப்பு ஆகியன இருக்கும். பெரும்பாலானவற்றின் இயக்குதளம் லினக்சு அல்லது பிஎஸ்டி வகையைச் சார்ந்தது. திரையும் விசைப்பலகையும் தேவையில்லை. வேறொரு கணினியின் உலாவி வழியாகவே இது மேலாளப்படுகின்றது.

யூஎஸ்பி வழியாக இணைக்கப்படும் புறநிலை வன்தட்டு, இணைக்கப்பட்ட ஒரு கணினிக்கு மட்டுமே பயன்படும். பிணையச் சேமிப்பகமோ கோப்புக்களை வலையமைப்பு நெறிமுறைகள் மூலம் பலருக்கு ஒரே நேரத்தில் வழங்குகின்றது. விண்டோசு கணினிகள் பயன்படுத்தும் எஸ்எம்பி, யூனிக்சு வகைக் கணினிகள் பயன்படுத்தும் என்எஃப்எஸ் ஆகியன இவற்றுள் முக்கியமானவை. எஸ்எம்பி நெறிமுறையை விண்டோசு அல்லாத இயக்குதளங்களில் செயல்படுத்தும் கட்டற்ற மென்பொருள் சாம்பா ஆகும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கிய இம்மென்பொருளே இன்றைய வீட்டுச் சேமிப்பகங்களில் பெரும்பாலானவற்றின் அடிப்படையாக உள்ளது.

கோப்புக்கள் பயணிக்கும் வேகம் வன்தட்டைக் காட்டிலும் வலையமைப்பையே பெரிதும் சார்ந்துள்ளது. விநாடிக்கு 100 மெகாபிட்டு வேகமுள்ள ஈதர்நெட் இணைப்பில் விநாடிக்கு ஏறத்தாழ 11 மெகாபைட்டுத் தரவும், கிகாபிட்டு இணைப்பில் ஏறத்தாழ 110 மெகாபைட்டுத் தரவும் செல்லும். 550 கிகாபைட்டுத் தரவை நகலெடுக்க முதலாவதில் 14 மணி நேரமும், இரண்டாவதில் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவாகவும் ஆகும். இணைய நிறுவனங்கள் வழங்கும் மலிவான திசைவிகள் (ரவுட்டர்) சிலவற்றில் 100 மெகாபிட்டு இணைப்பு மட்டுமே இருப்பதால், சேமிப்பகம் வாங்கும் முன் திசைவியையும் சரிபார்ப்பது நன்று.

வரலாறு

வலையமைப்பு வழியாகக் கோப்புக்களைப் பகிரும் வழக்கம் 1980களில் நிறுவனங்களில் தோன்றியது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984 இல் என்எஃப்எஸ் நெறிமுறையை வெளியிட்டது. 1992 இல் தொடங்கப்பட்ட நெட்ஆப் போன்ற நிறுவனங்கள் இப்பணிக்கெனவே தனிக் கருவிகளை உருவாக்கின. இவை விலை மிகுந்தவையாக இருந்தமையால் வீடுகளை எட்டவில்லை.

2004 இல் லிங்க்சிஸ் நிறுவனம் வெளியிட்ட என்எஸ்எல்யூ2 என்னும் சிறு கருவி வீட்டுப் பயன்பாட்டில் ஒரு திருப்பமாக அமைந்தது. இதில் வன்தட்டு கிடையாது. யூஎஸ்பி வன்தட்டுக்களை இதனுடன் இணைத்துப் பகிரலாம். லினக்சில் இயங்கியதால் ஆர்வலர்கள் இதன் மென்பொருளை மாற்றியமைத்துப் பல்வேறு பணிகளுக்குப் பயன்படுத்தினர். பழைய கணினியைச் சேமிப்பகமாக மாற்றும் ஃப்ரீநாஸ் என்னும் கட்டற்ற மென்பொருள் 2005 இல் தோன்றியது. தாய்வானைச் சேர்ந்த சினாலஜி, கியூநாப் ஆகிய நிறுவனங்கள் ஆயத்தப் பெட்டிகளை வீடுகளுக்குக் கொண்டுவந்தன. 2012 இல் வெளியான ராஸ்பெரி பை போன்ற ஒற்றைப் பலகைக் கணினிகள் செலவை மேலும் குறைத்தன.

கூகுள் போட்டோசு சேவையில் ஒளிப்படங்களை வரம்பின்றி இலவசமாகச் சேமிக்கும் வசதி 2021 சூன் 1 அன்று முடிவுக்கு வந்தது. அதன் பின்னர் சொந்தச் சேமிப்பகம் குறித்த ஆர்வம் சாதாரணப் பயனர்களிடமும் மிகுந்தது.

கொள்ளளவைக் கணித்தல்

சேமிப்பகம் வாங்குவோர் பலர் முதலில் கொள்ளளவைத் தேவைக்கு மிஞ்சியதாகத் தெரிவு செய்கின்றனர். இருக்கும் தரவைக் கணக்கிட்ட பின் தெரிவு செய்வதே சிக்கனமானது. பின்வரும் கணக்கு ஓர் எடுத்துக்காட்டு ஆகும்.

• ஒளிப்படங்கள்: ஒன்று 4 மெகாபைட்டு எனக் கொண்டால் 30,000 படங்களுக்கு 120 கிகாபைட்டு.
• மினிடிவி ஒளிநாடாக்கள்: 2000களில் திருமணங்களைப் படமெடுக்கப் பயன்பட்ட இந்நாடாக்களில் ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 13 கிகாபைட்டு ஆகும். 10 நாடாக்களுக்கு 130 கிகாபைட்டு.
• தொலைபேசி நிகழ்படங்கள்: நிமிடத்துக்கு 100 மெகாபைட்டு எனக் கொண்டால் 50 மணி நேரத்துக்கு 300 கிகாபைட்டு.

மொத்தம் 550 கிகாபைட்டு ஆகின்றது. அடுத்த சில ஆண்டுகளின் வளர்ச்சியைச் சேர்த்தாலும் 2 டெராபைட்டு வன்தட்டு இக்குடும்பத்துக்குப் போதுமானது. எண்ணித் தெளிந்த பின் மிஞ்சும் பணத்தை இரண்டாவது நகலுக்குச் செலவிடலாம்.

உற்பத்தியாளர்கள் ஒரு டெராபைட்டை 1,000,000,000,000 பைட்டுக்கள் எனக் கணக்கிடுகின்றனர். விண்டோசு இயக்குதளமோ 1024 இன் அடுக்குகளைக் கொண்டு கணக்கிடுகின்றது. ஆதலால் 4 டெராபைட்டு வன்தட்டு கணினியில் ஏறத்தாழ 3.64 எனத் தோன்றும். இது குறைபாடு அன்று.

சேமிப்பகமும் காப்புநகலும்

பிணையச் சேமிப்பகம் பற்றிய தவறான புரிதல்களில் முதன்மையானது, அதில் இட்ட கோப்புக்கள் அதனாலேயே பாதுகாப்பாகிவிடும் என்பதாகும். கோப்பின் ஒரே நகல் மடிக்கணினியில் இருப்பதற்கும் சேமிப்பகத்தில் இருப்பதற்கும் இவ்வகையில் வேறுபாடு இல்லை.

இரண்டு வன்தட்டுக்கள் கொண்ட பெட்டிகளில் ரெய்டு 1 எனப்படும் அமைப்பு பயன்படுகின்றது. ரெய்டு என்னும் கருத்துருவைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகியோர் 1988 இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை பரவலாக்கியது. ரெய்டு 1 இல் ஒரே தரவு இரு தட்டுக்களிலும் எழுதப்படுகின்றது. ஒரு தட்டு பழுதானாலும் மற்றொன்றைக் கொண்டு பணி தடையின்றித் தொடரும்.

ஆனால் ரெய்டு அமைப்பு காப்புநகல் ஆகாது. ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தால் அது அதே நொடியில் இரு தட்டுக்களிலும் அழிகின்றது. பணயத் தீநிரல் கோப்புக்களைப் பூட்டினால் இரண்டும் பூட்டப்படுகின்றன. மின்னல், திருட்டு, வெள்ளம் ஆகியன பெட்டியை முழுமையாகவே பாதிக்கும். ஆகவே இரு வன்தட்டுக்கள் வாங்கும் அளவுக்கே பணம் உள்ள ஒரு குடும்பத்துக்கு, இரண்டையும் ஒரே பெட்டியில் வைப்பதைக் காட்டிலும், ஒன்றைச் சேமிப்பகத்திலும் மற்றொன்றை வேறொரு வீட்டிலும் வைப்பது கூடுதல் பாதுகாப்பைத் தரும். முதல் தட்டு பழுதானால் மாற்றுத் தட்டு வாங்கி நகலெடுக்கும் வரை, ஓரிரு நாட்கள் கோப்புக்கள் கிடைக்காமல் போகலாம். குடும்ப ஒளிப்படங்களைப் பொறுத்தவரை இது பெரிய இழப்பு அன்று. மாறாக, ஒரு திருமணப் படப்பிடிப்பு நிலையத்துக்குப் பணி தடைப்படுவதே இழப்பாகும் என்பதால் அங்கு ரெய்டு 1 பொருத்தமானது. அங்கும் தனிக் காப்புநகல் தேவை.

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரவலாக்கிய 3-2-1 விதி இங்குப் பரிந்துரைக்கப்படுகின்றது. அதாவது, மூன்று நகல்கள், இரு வேறு வகை ஊடகங்கள், அவற்றுள் ஒரு நகல் வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்பதாகும்.

ஒரே இடத்தில் ஒரே நகலாக இருந்தவற்றை இழப்பது தமிழருக்குப் புதிதன்று. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் நகல் இல்லாத ஓலைச்சுவடிகளும் இருந்தன. ஈழத்து நூல்களை எண்ணிம வடிவில் பாதுகாக்கும் நூலகம் திட்டம் 2005 இல் தொடங்கப்பட்டது. ஒரு குடும்பத்தின் ஒளிப்படத் தொகுப்புக்கும் இந்த அடிப்படை பொருந்தும். அச்சில் வந்த நூலுக்கு எங்கேனும் ஒரு படி எஞ்சியிருக்கலாம். மறைந்த பாட்டியின் குரல் பதிவான நிகழ்படத்துக்கு அவ்வாறு எஞ்சும் படி இராது.

கருவி வகைகள்

குறைந்த செலவில் கிடைக்கும் வழிகள், செலவின் ஏறுவரிசையில் பொதுவாகப் பின்வருமாறு அமைகின்றன.

1. திசைவியின் யூஎஸ்பி இணைப்பு: சில திசைவிகளில் யூஎஸ்பி வன்தட்டை நேரடியாக இணைத்துப் பகிரலாம். தனிக் கருவி வாங்கத் தேவையில்லை. வேகம் குறைவு. பயனர் கணக்கு, தானியங்கிக் காப்புநகல் போன்ற வசதிகள் குறைவாகவே இருக்கும்.

2. பழைய மடிக்கணினி அல்லது மேசைக்கணினி: ஓப்பன்மீடியாவால்ட், ட்ரூநாஸ் (முன்னைய ஃப்ரீநாஸ்) முதலிய கட்டற்ற மென்பொருட்களை நிறுவிப் பயன்படுத்தலாம். மடிக்கணினியின் மின்கலம் குறுகிய மின்தடையைத் தாங்கும் என்பது ஒரு நன்மை. எனினும் வெப்பத்தில் எந்நேரமும் மின்னேற்றத்தில் இருக்கும் பழைய மின்கலம் வீங்கக்கூடும். அவ்வாறு வீங்கிய மின்கலத்தை உடனே அகற்ற வேண்டும்.

3. ஒற்றைப் பலகைக் கணினி: 2019 சூனில் வெளியான ராஸ்பெரி பை 4 முதல், யூஎஸ்பி 3 உம் முழு கிகாபிட்டு ஈதர்நெட்டும் இவ்வகையில் கிடைக்கின்றன. மின்செலவு மிகக் குறைவு. நிறுவுவதற்கு ஓரளவு லினக்சு அறிவு தேவை. இயக்குதளத்தைத் தாங்கும் நினைவக அட்டைகள் தொடர் எழுத்துப் பணியால் பழுதாகக்கூடும் என்பதால் அமைப்புக் கோப்புக்களுக்கும் நகல் வேண்டும்.

4. ஒரு தட்டுள்ள ஆயத்தப் பெட்டி: நிறுவுவது எளிது. தொலைபேசியிலிருந்து ஒளிப்படங்களைத் தானாகப் பெறும் செயலிகள் இதனுடன் வருகின்றன. கணினி அறிவு குறைந்த குடும்பத்துக்கு ஏற்றது.

5. இரு தட்டுள்ள ஆயத்தப் பெட்டி: மேற்கூறிய வசதிகளுடன் ரெய்டு 1 அமைப்பும் இயலும்.

பயன்படுத்திய கருவியை மலிவாக வாங்குவோர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மிகப் பழைய பெட்டிகள் எஸ்எம்பி நெறிமுறையின் முதற் பதிப்பை மட்டுமே அறிந்தவை. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாகிரை தீநிரல், விண்டோசில் இப்பதிப்பு செயல்படுத்தப்பட்ட முறையிலிருந்த குறையையே பயன்படுத்தியது. அதன் பின்னர் வந்த விண்டோசு பதிப்புக்களில் இது இயல்பாக நிறுவப்படுவதில்லை. ஆகவே அத்தகைய பெட்டியைப் புதிய கணினிகளுடன் இணைப்பது கடினமும் ஆபத்தும் ஆகும்.

வன்தட்டுத் தெரிவு

வன்தட்டுக்களில் தரவு எழுதப்படும் முறை இருவகைப்படும். வழமையான முறையில் தடங்கள் ஒன்றையொன்று தொடாமல் அருகருகே அமைகின்றன. மற்றொரு முறையில், கூரையில் நாட்டு ஓடு வேய்வது போல, ஒரு தடம் அடுத்த தடத்தின் மீது சிறிது படியுமாறு எழுதப்படுகின்றது. இதனால் ஒரே தட்டில் கூடுதல் தரவு அடங்கும். ஆனால், நடுவில் உள்ள ஓட்டை மாற்ற அதன் மேலுள்ள ஓடுகளை எடுக்க வேண்டியிருப்பது போல, ஒரு தடத்தை மாற்றி எழுத அதனை அடுத்துள்ளவற்றையும் மீண்டும் எழுத வேண்டியுள்ளது. எனவே தொடர்ந்து எழுதும் பணிகளில் இத்தட்டுக்கள் மிகவும் மந்தமாகின்றன.

ரெய்டு அமைப்பில் பழுதான தட்டுக்கு மாற்றாக இவ்வகைத் தட்டைப் பொருத்தினால் மறுசீரமைப்பு நெடுநேரம் எடுக்கலாம், அல்லது தோல்வியடையலாம். பிணையச் சேமிப்பகங்களுக்கென விற்கப்பட்ட தனது சில தட்டுக்களில் இம்முறை பயன்பட்டதை வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் 2020 ஏப்ரலில் ஒப்புக்கொண்டது. பின்னர் வழமையான முறைத் தட்டுக்களுக்குத் தனி வணிகப் பெயர் இட்டது. தட்டின் வகையை உற்பத்தியாளரின் விவரத்தாளில் உறுதி செய்துகொள்வது நன்று. மாதமொரு முறை மட்டும் எழுதப்படும் காப்புநகல் தட்டுக்கு ஓட்டு முறைத் தட்டே போதுமானது. சில ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்த இது ஒரு வழியாகும்.

திண்மநிலைத் தட்டுக்கள் (எஸ்எஸ்டி) ஒலியின்றியும் அதிர்வைத் தாங்கியும் இயங்குவன. ஒரே கொள்ளளவுக்கு இவற்றின் விலை கூடுதலாகும். மின்சாரமின்றி நெடுங்காலம் வெப்பமான இடத்தில் வைத்தால் இவற்றில் தரவு மங்கக்கூடும் என்பதால், அலமாரியில் வைத்துவிடும் நகலுக்கு வன்தட்டே பொருத்தமானது.

திருத்தணிச் சூழல்

வெப்பம்

கத்திரி வெயில் காலத்தில் 40 °செ ஐக் கடந்த வெப்பநிலை அடிக்கடி பதிவாகும் தமிழ்நாட்டு நகரங்களில் திருத்தணியும் ஒன்று. வீட்டுப் பயன்பாட்டுக்கான பல பெட்டிகளுக்கு உற்பத்தியாளர்கள் குறிப்பிடும் சுற்றுப்புற வெப்பநிலை வரம்பும் 40 °செ ஆகும். அதாவது மே மாத நண்பகலில் கருவி அதன் வரம்பின் விளிம்பில் இயங்குகின்றது. பெட்டியினுள் இருக்கும் வன்தட்டு அறையைக் காட்டிலும் ஏறத்தாழ 10 °செ கூடுதலாகச் சூடாவது வழக்கம். அறை 40 °செ எனில் தட்டு 50 °செ ஐ எட்டும்.

வெப்பத்துக்கும் பழுதுக்கும் உள்ள தொடர்பு நேரானதன்று. கூகுள் நிறுவனம் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுக்களை ஆய்ந்து 2007 இல் வெளியிட்ட முடிவுகளின்படி, மிதமான வெப்பநிலை வேறுபாடுகள் பழுதைப் பெரிதாகக் கூட்டவில்லை. மிகுந்த வெப்பநிலையிலும், குறிப்பாக ஆண்டு பல கடந்த தட்டுக்களிலுமே பாதிப்புத் தென்பட்டது. திருத்தணியின் கோடை இந்த இரண்டாவது நிலையைச் சார்ந்தது. ஆகவே பின்வருவன பின்பற்றத்தக்கவை.

• மாடிவீடுகளில் மேல்தளக் காங்கிரீட்டுக் கூரை பகலில் ஏற்ற வெப்பத்தை இரவிலும் வெளிவிடும். கருவியைத் தரைத்தளத்தில், மேற்குச் சுவரை ஒட்டாமல் வைப்பது நன்று.
• பரண், மூடிய அலமாரி, தொலைக்காட்சிப் பெட்டிக்குரிய கண்ணாடி அடைப்பு ஆகியன பொருத்தமற்றவை.
• காப்புநகல் எடுத்தல், தட்டுச் சோதனை முதலிய நெடும் பணிகளை விடியற்காலை 3 மணி அளவில் நிகழுமாறு அமைக்கலாம்.
• தூசு, எறும்பு, பல்லி ஆகியவை காற்றுத் துளைகள் வழியே புகக்கூடும். மூன்று மாதங்களுக்கு ஒரு முறை கருவியை நிறுத்திச் சுத்தம் செய்ய வேண்டும்.

மின்சாரம்

எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் கோப்பு முறைமை சிதையலாம். 2012 இல் சென்னைக்கு வெளியே நாள்தோறும் பல மணி நேரம் நீடித்த மின்வெட்டுக் காலத்தில் தமிழ்நாட்டு வீடுகள் பலவற்றில் இன்வெர்ட்டர் இடம்பெற்றது. அத்தகைய வீடுகளில் கருவியை இன்வெர்ட்டர் வழிக்கு மாற்றினால் தனி யூபிஎஸ் வாங்கும் செலவு குறையும். இன்வெர்ட்டரின் யூபிஎஸ் நிலையைத் தெரிவு செய்தல் வேண்டும். இல்லையெனில் மின்மூலம் மாறும் இடைவெளியில் கருவி அணைந்து மீண்டும் தொடங்கும். மின்கலம் தீரும் முன் கருவி தானாகவே முறைப்படி நிற்பதற்கு, யூஎஸ்பி வழியாகச் செய்தி அனுப்பும் யூபிஎஸ் தேவை.

இடிமழையின்போது மின்கம்பி வழியாகவும் செப்பு வடங்கள் வழியாகவும் மின்னெழுச்சி பரவும். மின்னெழுச்சித் தடுப்பான்கள் நிலத்தொடர்பு (எர்த்) சரியாக உள்ள மூன்று முனைச் செருகியிலேயே பயன் தரும். பழைய வீடுகளில் மூன்றாவது துளை எதனுடனும் இணைக்கப்படாமல் இருப்பதுண்டு. கருவி வாங்கும் முன் ஒரு மின்பணியாளரைக் கொண்டு இதனைச் சோதித்தல் சிறு செலவில் பெரும் பயன் தரும்.

நாள் முழுதும் இயங்கும் கருவி என்பதால் மின்கட்டணமும் விலையின் ஒரு பகுதியே. தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரு மாதங்களுக்கு ஒரு முறை கணக்கிடப்படுகின்றது. 60 நாட்களுக்கான பயன்பாடு பின்வருமாறு அமையும்.

• ஒற்றைப் பலகைக் கணினியும் சிறு வன்தட்டும், 7 வாட்டு: ஏறத்தாழ 10 அலகுகள்
• இரு தட்டுள்ள ஆயத்தப் பெட்டி, 18 வாட்டு: ஏறத்தாழ 26 அலகுகள்
• பழைய மேசைக்கணினி, 60 வாட்டு: ஏறத்தாழ 86 அலகுகள்

2016 இல் தமிழ்நாட்டில் இரு மாதங்களுக்கு முதல் 100 அலகுகளைக் கட்டணமின்றி வழங்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பழைய மேசைக்கணினி ஒன்று அவ்வளவையும் ஏறத்தாழ விழுங்கிவிடும். இலவசமாகக் கிடைத்த கணினி என்பதால் அது மலிவான தெரிவு ஆகிவிடாது.

வேறிடத்து நகல்

காப்புநகலை இணையத்தின் வழியே வேறிடத்துக்கு அனுப்பலாம். ஆனால் பதிவேற்ற வேகம் விநாடிக்கு 10 மெகாபிட்டு எனில் 550 கிகாபைட்டை அனுப்ப 5 நாட்களுக்கும் மேல் ஆகும். முதல் நகலுக்கு வன்தட்டைக் கையில் எடுத்துச் செல்வதே விரைவானது.

திருத்தணி சென்னையிலிருந்து ஏறத்தாழ 85 கிமீ தொலைவில் அரக்கோணம் வழியான தொடருந்துப் பாதையில் உள்ளது. இரு நகரங்களுக்கும் இடையே புறநகர் மின்தொடருந்துகள் ஓடுகின்றன. இரண்டரை மணி நேரப் பயணம் எனக் கொண்டால், பையில் உள்ள வன்தட்டு விநாடிக்கு 480 மெகாபிட்டுக்கும் கூடுதலான வேகத்தில் தரவைக் கொண்டுசெல்கின்றது. பின்னர் நிகழும் மாற்றங்களை மட்டும் ஆர்சிங்க் போன்ற மென்பொருள் வழியாக இணையத்தில் அனுப்பலாம்.

இவ்விரு இடங்களின் இடர்களும் வேறுபட்டவை. சென்னையின் தாழ்வான பகுதிகள் 2015 திசம்பர் வெள்ளத்திலும், 2023 திசம்பரில் மிக்சாம் புயலின்போதும் நீரில் மூழ்கின. திருத்தணியில் வெப்பமும் மின்தடையுமே முதன்மை இடர்கள். ஆகவே, பெற்றோர் திருத்தணியிலும் பிள்ளைகள் சென்னையிலும் வாழும் குடும்பம் ஒன்று இரு வீடுகளிலும் ஒவ்வொரு நகலை வைத்தால், ஒரே நிகழ்வில் இரண்டும் அழியும் வாய்ப்பு மிகக் குறைவு. ஒரே மேசையில் சேமிப்பகத்தையும் காப்புத் தட்டையும் வைத்திருப்போருக்கு இப்பயன் கிட்டுவதில்லை.

தட்டுக்களை மாற்றிக்கொள்ளும் நாளை முன்பே குறித்து வைத்தல் நன்று. உறவினர் கூடும் ஆடிக் கிருத்திகை, திசம்பர் 31 இல் நிகழும் படித்திருவிழா ஆகியன இதற்கு இயல்பாக அமையும் நாட்களாகும். அந்நாட்களில் காப்புத் தட்டிலிருந்து சில கோப்புக்களைத் திறந்து பார்த்தலும் வேண்டும்.

பயணத்தில் தட்டு தொலையக்கூடும் என்பதால் அதனைக் குறியாக்கம் செய்வது பாதுகாப்பானது. அதன் கடவுச்சொல்லைக் குடும்பத்தில் குறைந்தது இருவர் அறிந்திருக்க வேண்டும். ஒருவர் மட்டும் அறிந்திருந்து அவர் மறைந்தால், தட்டு பழுதாகாமலேயே அதிலுள்ள அனைத்தும் இழக்கப்படும். வீட்டுப் பத்திரங்களுடன் கடவுச்சொல்லையும் எழுதி வைப்பது எளிய தீர்வாகும்.

தமிழ்க் கோப்புப் பெயர்கள்

தமிழில் பெயரிடப்பட்ட கோப்புக்களைச் சேமிப்பகத்துக்கு மாற்றும்போது சில சிக்கல்கள் எழுகின்றன. விண்டோசில் ஒரு கோப்பின் பெயர் ஏறத்தாழ 255 குறியுருக்கள் வரை இருக்கலாம். லினக்சு சார்ந்த சேமிப்பகங்களிலோ வரம்பு 255 பைட்டுக்கள் ஆகும். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியுருவும் 3 பைட்டுக்களை எடுத்துக்கொள்கின்றது. "திருத்தணி" என்னும் சொல் 9 குறியுருக்களால் ஆனது. ஆகவே அதற்கு 27 பைட்டுக்கள் தேவை. எனவே 85 குறியுருக்களுக்கு மேற்பட்ட தமிழ்ப் பெயருள்ள கோப்பு விண்டோசில் இயங்கினாலும் சேமிப்பகத்தில் நகலாகாது. குறியாக்கம் செய்யப்பட்ட கோப்புறைகளில் சில பெட்டிகள் 143 பைட்டுக்களையே ஏற்கின்றன. அங்கு வரம்பு 47 குறியுருக்களாகக் குறைகின்றது.

மற்றொரு சிக்கல் ஒகர, ஓகர, ஔகார உயிர்மெய்களில் தோன்றுகின்றது. "கொ" என்பதை ஒருங்குறியில் ஒற்றைக் குறியால் எழுதலாம். கொம்பு, கால் என இரு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்பு முறைமை இரண்டாவது வடிவில் சேமித்தது. இதனால் "கொலு" என்னும் ஒரே கோப்புறை காப்புநகலில் இரு முறை தோன்றலாம், அல்லது தேடும்போது கிடைக்காமல் போகலாம். நகலெடுத்த பின் இரு பக்கங்களிலும் கோப்புக்களின் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்த்தல் இத்தகைய பிழைகளை வெளிப்படுத்தும்.

இணையவழித் தாக்குதல்

பிணையச் சேமிப்பகத்தை வெளியிலிருந்தும் அணுகும் பொருட்டு இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவிடுவது ஆபத்தானது. 2014 ஆகத்தில் சினோலாக்கர் என்னும் தீநிரல் சினாலஜி கருவிகளையும், 2022 சனவரியில் டெட்போல்ட் என்னும் தீநிரல் கியூநாப் கருவிகளையும் தாக்கிக் கோப்புக்களைப் பூட்டிப் பணம் கேட்டன. 2021 சூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் கருவிகள் பலவற்றில் இருந்த தரவு தொலைவிலிருந்து அழிக்கப்பட்டது. அக்கருவிக்கு 2015 இற்குப் பின் மென்பொருள் இற்றைப்படுத்தல் வழங்கப்பட்டிருக்கவில்லை.

ஆகவே கருவி வாங்கும் முன், உற்பத்தியாளர் அதற்கு எத்தனை ஆண்டுகள் இற்றைப்படுத்தல் வழங்குவார் என்பதை அறிதல் வேண்டும். வெளியிலிருந்து அணுகத் தேவையிருப்பின் வயர்கார்டு போன்ற மெய்நிகர் தனியார் வலையமைப்பைப் பயன்படுத்தலாம். வேறிடத்தில் இணைப்பின்றி வைக்கப்பட்டுள்ள வன்தட்டை எந்தத் தீநிரலும் எட்டாது.

செலவைப் பங்கிடல்

பெட்டியின் விலையை மட்டும் கருதித் தெரிவு செய்தால், காப்புநகலுக்கு உரிய பணம் மிஞ்சாமல் போவது வழக்கம். பணம் குறைவாக உள்ளபோது பின்வரும் வரிசை பொருத்தமானது.

1. தேவையான கொள்ளளவில் ஒரு வன்தட்டு
2. அதே கொள்ளளவில் வேறிடத்தில் வைக்க மற்றொரு வன்தட்டு
3. நிலத்தொடர்புச் சோதனையும் மின்தடைக் காப்பும்
4. கிகாபிட்டு இணைப்புள்ள திசைவியும் ஈதர்நெட் வடமும்
5. எஞ்சிய தொகைக்கு ஏற்ற சேமிப்பகக் கருவி

முதல் இரண்டையும் பெற்ற பின் பணம் தீர்ந்துவிடின், திசைவியின் யூஎஸ்பி இணைப்பையோ பழைய மடிக்கணினியையோ கொண்டு தொடங்கலாம். கருவியைப் பின்னர் மேம்படுத்தலாம். இழந்த தரவைப் பின்னர் வாங்க இயலாது.

இவற்றையும் பார்க்க

• வன்தட்டு
• ரெய்டு
• கணினி வலையமைப்பு
• காப்புநகல்
• ஒருங்குறி
• திருத்தணி

பகுப்புகள்: கணினி வன்பொருள் | கணினி வலையமைப்பு | தரவுச் சேமிப்பு